போன்வில் உப்புவெளியும் தரைவேகப் பந்தயமும்

போன்வில் உப்புவெளி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் வடமேற்கில், நெவாடா எல்லையை ஒட்டிய வென்டோவர் என்னும் சிற்றூருக்கு அருகில் அமைந்துள்ளது. இதன் பரப்பு ஏறத்தாழ 30,000 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,286 மீட்டர் உயரத்தில் உள்ளது. மரமோ புல்லோ இல்லாத இந்த வெண்ணிலம், 1935 முதல் 1970 வரை தரையில் ஓடும் வாகனங்களின் உலக வேகச் சாதனைகளில் பெரும்பாலானவை நிகழ்ந்த களமாகும். 1949 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் இங்கு 'வேக வாரம்' என்னும் பந்தயம் நடத்தப்படுகிறது. மழையாலும் உப்பின் நிலையாலும் சில ஆண்டுகள் அது தடைபட்டதும் உண்டு. இக்களத்தின் உப்புத் தரை கடந்த சில பத்தாண்டுகளாக மெலிந்து வருவதால், இப்பந்தயத்தின் எதிர்காலம் கேள்விக்குறியாகியுள்ளது.

உப்புவெளி உருவான விதம்

பனியூழிக் காலத்தில் இன்றைய யூட்டாவின் மேற்குப் பகுதியைப் பெரியதொரு ஏரி மூடியிருந்தது. நிலவியலாளர்கள் இதற்குப் போன்வில் ஏரி என்று பெயரிட்டனர். உச்ச நிலையில் இதன் பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர்; ஆழம் சில இடங்களில் 300 மீட்டர். காலநிலை வெப்பமடைந்தபோது ஏரி வற்றியது. கிரேட் சால்ட் லேக் என்னும் உப்பு ஏரி அதன் எச்சமாகும். உப்புவெளி அதே ஏரியின் தரையில் அமைந்தது. ஏரி வற்றியவுடனேயே உப்பு படிந்துவிட்டது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இப்போது கண்டுள்ள உப்புப் படிவு அதற்கு வெகு காலத்துக்குப் பின், சுமார் 5,400 ஆண்டுகளுக்கு முன்புதான் சேரத் தொடங்கியது என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்குள்ள உப்பு பெரும்பாலும் நாம் உணவில் சேர்க்கும் சோடியம் குளோரைடுதான். குளிர்காலத்தில் உப்புவெளியின் மீது சில அங்குல உயரத்துக்கு நீர் தேங்கும். காற்று அந்த நீரை இங்குமங்குமாகத் தள்ளும். மேற்பரப்பு உப்பு கரைந்து, மேடு பள்ளம் நிரவப்படும். கோடை வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மீண்டும் படிந்து இறுகும். வேறெந்த இயந்திரமும் செய்ய இயலாத அளவுக்குச் சமமான தரையை ஆண்டுதோறும் நீரும் காற்றும் வெயிலும் சேர்ந்து புதிதாக அமைத்துத் தருகின்றன. கோடையின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர் காலம் வரையே வாகனங்கள் ஓடத் தக்கதாகத் தரை இருக்கும்.

அஞ்சப்பட்ட நிலம்

பெஞ்சமின் போன்வில் என்ற அமெரிக்கப் படை அதிகாரியின் பெயரே ஏரிக்கும் உப்புவெளிக்கும் வழங்குகிறது. அவர் இந்த இடத்தை நேரில் கண்டதற்குச் சான்று இல்லை. அவர் 1833இல் அனுப்பிய ஜோசப் வாக்கரின் குழு இப்பகுதியின் வடபுறமாகச் சென்றது. அதற்கு முன்பே, 1827இல், ஜெடிடியா சுமித் என்ற மென்மயிர் வணிகர் இப்பாலைநிலத்தைக் கடந்து உயிர்பிழைத்திருந்தார்.

1846இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த டானர் குழுவினர், குறுக்குவழி என்று கூறப்பட்டதை நம்பி இவ்வழியே வந்தனர். உப்புப் படலத்தின் அடியில் இருந்த சேற்றில் அவர்களுடைய பாரவண்டிகள் புதைந்தன. தாகத்தால் வெறிகொண்ட எருதுகள் ஓடிப்போயின. இங்கே இழந்த நாட்களால் அவர்கள் சியெரா நெவாடா மலைத்தொடரைத் தாமதமாக அடைந்து, பனியில் சிக்கினர். எண்பதுக்கும் மேற்பட்டோர் கொண்ட அக்குழுவில் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டனர். மனிதர் அஞ்சி விலகிய நிலமாகவே இது அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புவெளியின் குறுக்கே இருப்புப்பாதை போடப்பட்ட பிறகே ஆள் நடமாட்டம் பெருகியது.

பந்தயக் களமாக மாறியது

1896இல் ஒரு மிதிவண்டித் தொடரோட்டத்துக்கு வழி தேடி வந்த டபிள்யூ. டி. ரிஷெல் என்பவர், இந்தத் தரை வேக ஓட்டத்துக்கு ஏற்றது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர். 1914இல் டெடி டெட்ஸ்லாஃப் 'பிளிட்சன் பென்ஸ்' காரில் மணிக்கு 142.8 மைல் வேகத்தைத் தொட்டார். முறையான மேற்பார்வை இல்லாததால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை.

இக்களத்தை உலகறியச் செய்தவர் ஆப் ஜென்கின்ஸ் என்ற சால்ட் லேக் சிட்டி கட்டட ஒப்பந்தக்காரர். 1925இல் உப்புவெளியின் குறுக்கே நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, அவர் தம் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு சிறப்பு ரயிலுடன் போட்டியிட்டு, வென்டோவருக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் சேர்ந்தார். 1932இல் இதே உப்பின் மீது 24 மணி நேரம் தனியொருவராகக் கார் ஓட்டி, சராசரியாக மணிக்கு 112.91 மைல் வேகத்தை எட்டினார். எரிபொருள் நிரப்ப மட்டுமே வண்டி நின்றது. பின்னாளில் அவர் சால்ட் லேக் சிட்டியின் மேயரானார்.

ஆங்கிலேய ஓட்டுநர்களின் காலம்

அந்நாளில் வேகச் சாதனைகளுக்கு ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரையே பெயர்பெற்றிருந்தது. 1935 மார்ச்சில் ஆங்கிலேயரான சர் மால்கம் கேம்பல் அங்கு மணிக்கு 276.82 மைல் வேகத்தில் ஓடினார். அலைகள் ஈர மணலில் விட்டுச்சென்ற மேடு பள்ளங்களால் அதற்கு மேல் செல்ல முடியவில்லை. அதனால் அவர் தம் 'புளூ பேர்ட்' காரை யூட்டாவுக்குக் கொண்டு வந்தார்.

உலகச் சாதனைக்கு ஒரு முறை வேகமாக ஓடினால் போதாது. காற்றின் உதவி கணக்கில் சேராமலிருக்க, ஒரே தடத்தில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்களை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டின் சராசரியே சாதனை. 1935 செப்டம்பர் 3 அன்று கேம்பல் இரண்டு ஓட்டங்களையும் முடித்தபோது, அவரது வேகம் 299.875 மைல் என்று அறிவிக்கப்பட்டது. முந்நூறைத் தொட ஒரு மயிரிழை குறைவு. மறுநாளும் ஓட அவர் ஆயத்தமானார். பிறகு கணக்கில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு, உண்மையான வேகம் 301.129 மைல் (484.6 கி.மீ.) என்று திருத்தப்பட்டது. தரையில் 300 மைல் வேகத்தைக் கடந்த முதல் மனிதர் அவரே.

அவருக்குப் பின் ஜார்ஜ் ஐஸ்டன், ஜான் காப் ஆகிய இரு ஆங்கிலேயர்கள் போட்டியிட்டனர். 1938இல் ஐஸ்டனின் 'தண்டர்போல்ட்' ஓடியபோது நேரம் பதிவாகவில்லை. பளபளக்கும் அலுமினிய உடலை வெள்ளை உப்பின் பின்னணியில் ஒளிமின் கருவியால் பிரித்தறிய முடியாததே காரணம். காரின் பக்கவாட்டில் கறுப்பு வண்ணம் பூசிய பிறகே கருவி அதைக் கண்டுகொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று காப் 350.20 மைல் வேகத்துடன் சாதனையைக் கைப்பற்றினார். மறுநாளே ஐஸ்டன் 357.50 மைல் வேகத்தில் ஓடி அதைத் திரும்பப் பெற்றார்.

போர் முடிந்தபின், 1947 செப்டம்பர் 16 அன்று காப் 394.19 மைல் (634.4 கி.மீ.) வேகத்தை எட்டினார். ஒரு திசையில் அவர் 400 மைலைக் கடந்திருந்தார். 1963 வரை அந்தச் சாதனையை எவரும் முறியடிக்கவில்லை. காப் 1952இல் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் படகு வேகச் சாதனைக்கு முயன்றபோது உயிரிழந்தார்.

வேக வாரம்

அதே காலத்தில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில், பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து மாற்றியமைத்து ஓட்டும் இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்து வந்தது. அவர்களுடைய சங்கங்கள் 1937இல் ஒன்றுகூடித் தெற்குக் கலிபோர்னிய நேரப்பதிவுச் சங்கத்தை அமைத்தன. ஏரித்தரை குறுகியதாகவும் புழுதி நிறைந்ததாகவும் இருந்தது. பெரிய நிறுவனங்களின் சாதனை முயற்சிகளுக்கு மட்டும் பயன்பட்ட போன்வில் உப்பைத் தங்களுக்கும் திறந்துவிடக் கோரி, வாலி பார்க்ஸ் முதலியோர் பேச்சு நடத்தினர். அதன் விளைவாக 1949 ஆகஸ்டில் முதல் வேக வாரம் நடந்தது.

இவர்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். போர் விமானங்களின் அடியில் தொங்கவிடப்படும் எரிபொருள் தொட்டி, காற்றைக் கிழித்துச் செல்லும் நீர்த்துளி வடிவில் இருப்பதைக் கண்ட பில் பர்க், போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஒரு தொட்டியை வாங்கி, அதற்குள் எந்திரத்தையும் இருக்கையையும் பொருத்தினார். 'லேக்ஸ்டர்' என்னும் வாகன வகை இப்படித்தான் பிறந்தது. இன்றும் அது போட்டியில் உண்டு.

பந்தய நாள்

வேக வாரத்துக்கு வருவோர், வென்டோவரைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தார்ச்சாலையின் முடிவில் உப்பின் மீது வண்டியை இறக்குகின்றனர். அதற்கப்பால் சாலை இல்லை. உப்பில் நட்ட கூம்புகளும் கொடிகளும்தான் வழிகாட்டி. நிழல் தரும் பொருள் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு குழுவும் தனக்கான பந்தலைத் தானே கொண்டுவர வேண்டும். வெயில் மேலிருந்து மட்டுமன்றி வெண்தரையில் பட்டுக் கீழிருந்தும் தாக்கும். முதன்முறை வருவோருக்கு மோவாயின் அடியிலும் மூக்கின் அடியிலும்கூடத் தோல் கன்றிப்போகும். வண்டிகளின் அடிப்பாகத்தில் ஒட்டும் உப்பு விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். அதனால் திரும்பும் வழியில் கழுவுவது வழக்கம்.

ஓடும் முன் ஒவ்வொரு வாகனமும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பாதுகாப்புக் கூண்டு, தீயணைப்பு அமைப்பு, தீப்பிடிக்காத உடை, விரைவு வாகனங்களுக்குப் பாரசூட் ஆகியவை சோதிக்கப்படும். ஓட்டுநர் பிறர் உதவியின்றி வண்டியிலிருந்து வெளியேறிக் காட்டவும் வேண்டும். புதியவர் முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓட முடியாது. குறைந்த வேகத்தில் தொடங்கி, படிப்படியாக உரிமம் பெற்று மேலேற வேண்டும்.

பந்தயம் என்றாலும் இங்கு இரண்டு கார்கள் அருகருகே ஓடுவதில்லை. ஒவ்வொரு வாகனமும் தனித்தே ஓடுகிறது. போட்டி கடிகாரத்துடன்தான். எந்திரத்தின் அளவு, எரிபொருள், உடலமைப்பு ஆகியவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே சிறிய மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் முறியடிக்க ஒரு சாதனை இருக்கிறது. பரிசுப் பணம் கிடையாது.

பல வாகனங்களில் பல்சக்கரங்கள் பெருவேகத்துக்கென்றே அமைக்கப்பட்டிருப்பதால், அவை தாமாக நகரத் தொடங்க முடியாது. பின்னால் ஒரு டிரக் தள்ளிக்கொண்டு போய் விடும். பார்வையாளர்கள் தடத்திலிருந்து வெகு தொலைவில் நிறுத்தப்படுகின்றனர். அடிவானத்தில் ஒரு புள்ளி தோன்றும். பின்னால் உப்புத் தூள் வெள்ளை வாலாக எழும். வண்டி கடந்து போன பின்னரே ஒலி செவியை எட்டும். எட்டிய வேகம் வானொலியில் அறிவிக்கப்படும். அதற்காகவே எல்லாப் பந்தல்களிலும் வானொலி ஒலித்துக்கொண்டிருக்கும்.

உப்பு பார்வைக்குத் தார்ச்சாலை போலத் தோன்றினாலும் பிடிப்பு அதைவிடக் குறைவு. விசையைக் கூடுதலாக அழுத்தினால் சக்கரம் சுழலும், வண்டி முன்னேறாது. உப்பில் உள்ள ஈரம் டயரின் சூட்டைத் தணிக்கிறது என்பது இதன் நன்மை. வண்டி தடம் புரண்டால் மோதுவதற்குச் சுவரோ மரமோ இல்லை என்பது இன்னொரு நன்மை.

நடப்புச் சாதனையை மிஞ்சிய வாகனம் உடனே ஒரு தனியிடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அங்கே அதைப் பழுதுபார்க்கக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே தரப்படும். மறுநாள் அதிகாலையில் அது மீண்டும் ஓட வேண்டும். இரு நாள் வேகத்தின் சராசரி பழைய சாதனையைக் கடந்தால்தான் ஏட்டில் ஏறும். முதல் நாள் வென்றவர் மறுநாள் எந்திரம் உடைந்து வெறுங்கையுடன் திரும்புவது இங்கே அடிக்கடி நிகழ்வதுண்டு. 200 மைலுக்கு மேல் சாதனை படைத்தோருக்கென ஒரு மன்றம் உண்டு. அதன் சிவப்புத் தொப்பியே இங்கு மிக உயர்ந்த பெருமையாகக் கருதப்படுகிறது.

இக்களத்துக்கு வந்தோரில் நியூசிலாந்தின் இன்வெர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1920ஆம் ஆண்டு தயாரிப்பான 'இந்தியன் ஸ்கவுட்' மோட்டார் சைக்கிளைப் பல பத்தாண்டுகளாகத் தம் கொட்டகையில் தாமே மாற்றியமைத்து வந்தார். பிஸ்டன்களைக்கூடத் தாமே வார்த்துக்கொண்டார். 1967இல், 68 வயதில், தம் பிரிவில் மணிக்கு 183.586 மைல் சாதனையை நிறுவினார். அந்தக் கணக்கில் பிழை இருந்தது 2014இல் கண்டறியப்பட்டு, 184.087 மைல் என்று திருத்தப்பட்டது. அப்போது அவர் மறைந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜெட் எந்திரங்களின் காலம்

1960இல் பலர் காப்பின் சாதனையைக் குறிவைத்து இங்கு வந்தனர். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஏத்தல் கிரகாம் தம் கையால் கட்டிய காரில் உயிரிழந்தார். மால்கம் கேம்பலின் மகன் டொனால்டு கேம்பல் சுமார் 360 மைல் வேகத்தில் விபத்துக்குள்ளாகி, மண்டையோட்டில் எலும்பு முறிவுடன் உயிர் தப்பினார். மிக்கி தாம்சன் நான்கு எந்திரங்கள் பூட்டிய 'சேலஞ்சர்' காரில் ஒரு திசையில் 406.60 மைல் ஓடினார். திரும்பும் ஓட்டத்தில் வண்டி பழுதானதால் சாதனை கைநழுவியது.

1963 ஆகஸ்ட் 5 அன்று கிரேக் பிரீட்லவ் 'ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா' என்னும் மூன்று சக்கர ஜெட் வாகனத்தில் 407.45 மைல் வேகத்தை எட்டினார். ஜெட் வாகனம் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. வெளியேறும் வாயுவின் உந்துதலால் ஓடுகிறது. இதைக் கார் என்று ஏற்பதா என்ற விவாதம் எழுந்தது. 1964இல் ஜெட் வாகனங்களுக்கும் இடம் தரப்பட்டதும் சாதனைகள் நாள் கணக்கில் மாறின. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தவை:

அக்டோபர் 2: டாம் கிரீன், 413.20 மைல்
அக்டோபர் 5: ஆர்ட் ஆர்ஃபன்ஸ், 434.02 மைல்
அக்டோபர் 13: பிரீட்லவ், 468.72 மைல்
அக்டோபர் 15: பிரீட்லவ், 526.28 மைல்
அக்டோபர் 27: ஆர்ஃபன்ஸ், 536.71 மைல்

அக்டோபர் 15 அன்று பிரீட்லவின் பாரசூட்டுகள் அறுந்தன, பிரேக்குகளும் தீய்ந்துபோயின. வண்டி ஒரு கம்பத்தை முறித்து, கரை ஒன்றைத் தாண்டி உப்புநீர்க் குட்டையில் மூழ்கியது. அவர் நீந்திக் கரையேறினார். மறு ஆண்டு நவம்பர் 15 அன்று அவர் 600.601 மைல் (966.6 கி.மீ.) வேகத்துடன் ஆர்ஃபன்ஸை மீண்டும் முந்தினார். அதே மாதத்தில் அவருடைய மனைவி லீ பிரீட்லவ் 308.506 மைல் வேகத்தில் ஓடிப் பெண்களுக்கான சாதனையை நிறுவினார். போட்டியாளர் ஆர்ஃபன்ஸுக்குத் தடம் கிடைக்காதிருக்கச் செய்வதும் அந்த ஓட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

1970 அக்டோபர் 23 அன்று கேரி கேபலிச் 'புளூ ஃபிளேம்' என்னும் ராக்கெட் வாகனத்தில் 622.407 மைல் (1,001.7 கி.மீ.) வேகத்தை எட்டினார். போன்வில் உப்பின் மீது நிகழ்ந்த கடைசி முழுமுதல் உலகச் சாதனை இதுவே. அடுத்த சாதனைக்கு முயன்ற ரிச்சர்ட் நோபிளின் 'திரஸ்ட் 2' 1981இல் இங்குதான் வந்தது. மழை தடுத்தது. மறு ஆண்டும் உப்புவெளி நீரில் மூழ்கியிருந்தது. அவர் நெவாடாவின் பிளாக் ராக் பாலைநிலத்துக்கு மாறி, 1983இல் அங்கே 633.468 மைல் வேகத்துடன் சாதனையைப் பெற்றார். ஒலியின் வேகத்தைக் கடந்த ஆண்டி கிரீனின் ஓட்டமும் (1997, 763.035 மைல்) அங்கேதான் நடந்தது.

மெலியும் உப்பு

உப்புவெளி 1975இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1985இல் சிறப்புப் பாதுகாப்புக்குரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் உப்பு குறைவதை இவற்றால் தடுக்க முடியவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பொட்டாஷ் இறக்குமதி தடைபட்டபோது, இப்பகுதியின் உப்புநீரிலிருந்து அதை எடுக்கத் தொடங்கினர். பொட்டாஷ் உரத்துக்குத் தேவையான பொருள். கால்வாய்கள் வெட்டி, நிலத்தடி உப்புநீரைச் சேர்த்து, பாத்திகளில் காயவைப்பதே முறை. அந்நீருடன் சோடியம் குளோரைடும் வெளியேறியது. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் நீரின் இயல்பான ஓட்டத்தை ஏற்கெனவே பிரித்திருந்தன. 1960ஆம் ஆண்டு அளவீட்டுடன் 1988ஆம் ஆண்டு அளவீட்டை ஒப்பிட்டபோது, உப்பின் பரப்பும் பருமனும் குறைந்திருப்பது தெரியவந்தது. முன்பு 13 மைல் நீளத் தடம் அமைக்க இடமிருந்த களத்தில் இன்று அவ்வளவு நீளம் கிடைப்பதில்லை. படலம் மெலிந்த இடங்களில் சக்கரம் உப்பைக் கிழித்து அடிச்சேற்றைத் தொடுகிறது. டானர் குழுவின் வண்டிகள் புதைந்த அதே சேறுதான் இது.

பந்தயக்காரர்கள் உப்பைக் காக்க ஓர் அமைப்பை உருவாக்கிப் பல ஆண்டுகளாக வாதாடி வருகின்றனர். 1997 முதல் ஐந்தாண்டுகள், குளிர்காலங்களில் உப்புநீரை மீண்டும் உப்புவெளிக்கு இறைக்கும் சோதனை நடத்தப்பட்டது. 2019இல் யூட்டா சட்டமன்றமும் மீட்புப் பணிக்கு நிதி ஒதுக்கியது. சுரங்கம் மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுவதில்லை. மழை, ஆவியாதல், நிலத்தடி நீரோட்டம், மனிதப் பயன்பாடு ஆகிய அனைத்தும் இதில் பின்னிக் கிடப்பதால், இறைத்த உப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அறிவதே பெரும் பணியாக உள்ளது.

இன்றைய நிலை

2014இல் மழைநீர் தேங்கியதாலும், 2015இல் உப்பின் நிலை மோசமாக இருந்ததாலும் வேக வாரம் கைவிடப்பட்டது. 2022இல் மீண்டும் வெள்ளம் அதைத் தடுத்தது. நீர் இல்லையேல் தரை புதுப்பிக்கப்படாது. நீர் காலம் தவறி வந்தால் ஓட்டம் நடக்காது. பந்தயக்காரர்கள் இதை அறிந்தே ஒவ்வோராண்டும் வாகனங்களைத் தயார் செய்கின்றனர்.

1960இல் சாதனையைத் தவறவிட்ட மிக்கி தாம்சன், 1968இல் 'சேலஞ்சர் 2' என்னும் புதிய காரைக் கட்டி இங்கு கொண்டு வந்தார். அவ்வாண்டு பெய்த மழையால் அவரது முயற்சி நின்றுபோனது. கார் கொட்டகையில் ஒதுங்கியது. 1988இல் அவர் கொலையுண்டார். அவருடைய மகன் டேனி தாம்சன் பின்னாளில் அதே காரைப் பிரித்துச் சீரமைத்தார். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வேக வாரம் நடக்காததால் அவரும் காத்திருக்க நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் உப்பு இறுகியிருந்தது. கட்டப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கார் இரண்டு நாள் ஓட்டங்களின் சராசரியாக மணிக்கு 448.757 மைல் (722.2 கி.மீ.) வேகத்தை எட்டித் தன் பிரிவில் சாதனை படைத்தது.